தண்ணி நிக்கிற வீடு

பாத்து, பாத்து! தலை... அடடா, இடிச்சுக்கிட்டீங்களா? குனிஞ்சு வாங்க தம்பி. இந்த வீட்டுக்கு வர்றவங்க எல்லாரும் முதல் தடவை இடிச்சுக்கத்தான் செய்வாங்க. ரெண்டாவது தடவை தானா குனிஞ்சிருவாங்க. கால், கால்! அந்தச் சிமெண்டுக் கட்டையைத் தாண்டி வைங்க. இப்ப ரெண்டு படி இறங்குங்க. அவ்வளவுதான், வந்தாச்சு. உக்காருங்க. நெத்தியில தடவ தேங்காண்ணெய் கொண்டாந்து தர்றேன், இல்லேன்னா வீங்கிடும்.

நகராட்சியிலேர்ந்துதானே வர்றீங்க? கையில ஃபைலைப் பாத்ததுமே தெரிஞ்சு போச்சு. வருஷா வருஷம் புரட்டாசி பொறந்ததும் மனு எழுதிப் போட்டுடுவேன், மழை வர்றதுக்குள்ள தெருச் சாக்கடையைத் தூர் வாருங்கன்னு. பன்னெண்டு வருஷத்துல மழைக்கு முன்னால ஒரு ஆள் வந்து நிக்கிறது இதுதான் முதல் தடவை. நல்லா இருக்கணும் தம்பி நீங்க. இருங்க இருங்க, நீங்க சொல்ல வந்ததை அப்புறம் சொல்லுங்க. ஃபைலைக் கீழ வைங்க. மோர் குடிக்கிறீங்களா? பெருங்காயம் போட்டது.

இந்தத் தெருவுல மழையைப் பத்தி யோசிக்கிற ஒரே ஜீவன் நான்தான். மத்தவங்களுக்கெல்லாம் டிவியில சிவப்பு எழுத்து ஓடினாத்தான் மழை. அப்பதான் குடை எங்கேன்னு தேடுவாங்க, தார்ப்பாய் எங்கேன்னு தேடுவாங்க, மெழுகுவத்தி வாங்கக் கடைக்கு ஓடுவாங்க. எனக்கு அப்படியில்ல. அந்தக் காலண்டரைப் பாருங்க, சிவப்பு மையில வட்டம் போட்டிருக்கேன் பாருங்க. புரட்டாசி முதல் சனிக்கிழமை முருங்கையைக் கழிக்கணும், இல்லேன்னா காத்துல ஒடிஞ்சு கரண்டு கம்பியில விழும். அடுத்த சனிக்கிழமை தென்னையில காஞ்ச மட்டை, பாளை எல்லாம் இறக்கணும். மூணாவது வாரம் மொட்டை மாடியைக் கூட்டி, தண்ணி போற குழாய் வாயில கம்பி வலை வைக்கணும். ஆயுத பூஜைக்கு முன்னாடி ஜன்னல் கதவெல்லாம் கழட்டி ஆசாரியை விட்டு இழைச்சிடணும், ஐப்பசியில ஊதிக்கிட்டா மூடவே மூடாது. அப்புறம் அரிசி டிரம்மு மேடையில ஏறணும், தீப்பெட்டி பிளாஸ்டிக் டப்பாவுக்குள்ள போகணும், இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணி ஊத்தணும். எல்லாம் முடிச்சாச்சு. இப்ப மழை வந்தா வரட்டும், நான் பாட்டுக்குக் கட்டில்ல உக்காந்து பஜ்ஜி சாப்பிடுவேன்.

சத்துணவு மையத்துல முப்பத்திரண்டு வருஷம் அமைப்பாளரா இருந்தவ நான். மங்கையர்க்கரசின்னு கேட்டுப் பாருங்க, இந்தச் சுத்துவட்டாரத்துல யாரும் சொல்லுவாங்க. நூத்தி இருபது பிள்ளைங்களுக்கு ஒரு நாள் தவறாம சோறு போட்டிருக்கேன். அடுப்புல ஒழுகுது, விறகு நனைஞ்சுபோச்சுன்னு ஒரு நாள் ஒரு சாக்கு சொன்னதில்ல. முன்யோசனை வேணும் தம்பி மனுஷனுக்கு. அதுதான் இந்தக் காலனியில யாருக்கும் கிடையாது.

என்ன, அந்தச் சத்தமா? அது எங்க வீட்டுக்காரர். கொல்லையில மண்ணு வெட்டுறாரு. மாடித் தண்ணி குழாய் வழியா இறங்கித் தோட்டத்துல தேங்குது, ஓடை வரைக்கும் ஒரு சின்ன வாய்க்கால் போடுங்கன்னு சொன்னேன். ஒரு சாண் ஆழம் இருந்தாப் போதும், அரை நாள் வேலை. அந்த மனுஷன் விஜயதசமியிலேர்ந்து வெட்டிக்கிட்டு இருக்காரு! பத்து நாளாச்சு. சாண் ஆழம் கேட்டா இடுப்பளவுக்கு வெட்டி வச்சிருக்காரு. ஏங்க இது என்ன, ரயில் விடப் போறீங்களான்னு கேட்டேன். ஆழமா இருந்தா நல்லா ஓடும்னாரு. மின்வாரியத்துல கேபிளுக்குக் குழி வெட்ட வச்சே பழகிப்போச்சு, வேற என்ன. வாயில விரலை வச்சாக் கடிக்கத் தெரியாது அவருக்கு. நான் ஒருத்தி இல்லேன்னா இந்த வீடு என்னைக்கோ முழுகியிருக்கும்.

முழுகத்தான் செஞ்சுது ஒரு தடவை. அதைத்தான் உங்ககிட்ட சொல்லணும்னு நினைச்சேன், அப்பதான் உங்க ரிப்போர்ட்டுல சரியா எழுதுவீங்க.

நாங்க இங்க வீடு கட்டிக் குடிவந்த முதல் ஐப்பசி அது. எங்க வீடும் பக்கத்து வீடும் ஒரே கொத்தனார் கட்டினது, ஒரே மட்டம். அப்ப எங்க வாசல்ல அஞ்சு படி ஏறித்தான் உள்ள வரணும், தெரியுமா? நம்ப மாட்டீங்க. மூணு நாள் விடாம அடிச்சுது மழை. தண்ணி அஞ்சு படியும் ஏறி ஹாலுக்குள்ள வந்திடுச்சு. என் பொண்ணு அருள்மொழி அப்ப ஒன்பதாவது படிக்கிறா. புஸ்தகமெல்லாம் கட்டிலுக்கு அடியில இருந்துச்சு, ஊறிப் போச்சு. முழங்கால் தண்ணியில நின்னுக்கிட்டு, ஒரு ஊறிப்போன நோட்டை மார்போட அணைச்சுக்கிட்டு, அம்மா கால் மரத்துப் போச்சும்மான்னு அழுதா பாருங்க. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. பக்கத்து வீட்டுக்காரங்க, நாங்க, எல்லாரும் எங்க மொட்டை மாடியில ஏறி உக்காந்தோம். அந்தச் செல்லக்கிளி, அதான் பக்கத்து வீட்டுக்காரி, ஸ்டவ்வைத் தூக்கிக்கிட்டு வந்து எல்லாருக்கும் ரவை கிண்டினா. உப்பே இல்ல. அதை இன்னிக்கு வரைக்கும் நான் மறக்கல.

அன்னிக்கு மாடியில வச்சுத்தான் சபதம் போட்டேன். என் பொண்ணு கால் இனிமே தண்ணியில நனையக் கூடாது. என்ன ஆனாலும் சரி.

மறு வருஷம் புரட்டாசியில கூப்பிட்டேன் டிராக்டரை. நாலு லோடு செம்மண்ணு, முன்னாலயும் பின்னாலயும் அடிச்சு மட்டம் பண்ணோம். ரெண்டு படி உள்ள போச்சு. போனாப் போவுது. அடுத்து தெருவுல ரோடு போட்டாங்க, பழசைப் பேத்தெடுக்காமயே மேல மேல போட்டாங்க, நாங்க மறுபடியும் பள்ளம். விடுவேனா? இன்னும் ஆறு லோடு. அதுக்கடுத்து இன்னும் கொஞ்சம். மழைக்கு முன்னால முருங்கை கழிக்கிற மாதிரி, மண்ணடிக்கிறதும் ஒரு வேலையா ஆகிப்போச்சு. படியெல்லாம் மண்ணுக்குள்ள போயிடுச்சு. வாசல் கேட்டைத் திறக்க முடியல, அடியில ஒரு அடி அறுத்து எடுத்தோம். துவைக்கிற கல்லு முழுகிப் போச்சு, அதுக்கு மேலயே இன்னொரு கல்லு போட்டோம். சுவரு குட்டையாப் போச்சு, ஏத்திக் கட்டினோம். இந்த ஜன்னலைப் பாருங்க, எதிர் வீட்டு ஆடு வந்து தலையை விட்டு நான் சாதம் வடிக்கிறதை வேடிக்கை பாக்குது.

ஆமா, இப்ப தோட்டம் மேடு, வீடு பள்ளம். அதனால என்ன? அதுக்குத்தான் வாசல்ல கட்டை கட்டியிருக்கேன். நம்ம தோட்டத்துத் தண்ணி நம்ம வீட்டுக்குள்ள வராம இருக்கணுமில்ல. வெளிய மேடு ஏறி நிலை குட்டையாப் போச்சு, நீங்க தலையை இடிச்சுக்கிட்டது அதனாலதான். சிரிக்காதீங்க தம்பி. பன்னெண்டு வருஷமா ஒரு சொட்டு தண்ணி உள்ள வரல இந்த வீட்டுக்குள்ள.

பக்கத்து வீடா? அவங்க கதையை ஏன் கேக்குறீங்க. முன்னால மட்டும் ஒரு டிராக்டர் மண்ணு போட்டாங்க, அதோட சரி. கொல்லைப் பக்கம் அப்படியே பள்ளமாக் கிடக்கு. ஒவ்வொரு மழைக்கும் குட்டை மாதிரி நிக்கும். தவளை கத்துற சத்தத்துல எங்களுக்குத் தூக்கம் போவுது. மழைக்கு அவங்க செய்யுற ஏற்பாடு என்ன தெரியுமா? கட்டில் காலுக்கு அடியில செங்கல் வைக்கிறது! அவ்வளவுதான். மழை ஜாஸ்தியானா இன்னொரு செங்கல். அந்த மனுஷன் தணிகாசலம், தாலுகா ஆபீசுல இருந்தவரு, ஊருக்கெல்லாம் பட்டா குடுத்தவரு, தன் வீட்டுக் கொல்லையை மேடாக்கத் தெரியல.

முன்னே எப்படி வடிஞ்சுதுன்னு கேக்குறீங்களா? நல்ல கேள்விதான். முன்னே நடுச்சுவருக்கு அடியில ஒரு ஓட்டை இருந்துச்சு. லேஅவுட் போட்டவன் விட்டது. அவங்க கொல்லைத் தண்ணி அது வழியா எங்க கொல்லைக்கு வந்து, அப்படியே மேக்கால ஓடைக்குப் போயிடும். நான் கேக்குறேன் தம்பி, நீங்களே சொல்லுங்க, அவங்க வீட்டுத் தண்ணி எங்க வீட்டு வழியா ஏன் போகணும்? நாங்க மண்ணடிக்கும்போது அந்த ஓட்டை எப்படியும் மூடத்தான் போகுது. சும்மா மண்ணு மூடினாக் கரைஞ்சு போயிடும்னு, நான் செங்கல்லை வச்சுச் சிமெண்டு பூசிட்டேன். நானே பூசினேன், என் கையால. கொத்தனாரை நம்புனா அரைகுறையா விட்டுட்டுப் போயிருப்பான். செல்லக்கிளி வந்து கேட்டா. அக்கா, தண்ணி போக வழியில்லாமப் போயிடுச்சேன்னா. மண்ணடிச்சுக்கோன்னேன். சரியான யோசனைதானே சொன்னேன்? அவளுக்குக் கோவம்.

சரி, போகட்டும். பக்கத்து வீடுன்னா ஆயிரம் இருக்கும். ஆனா அடுத்து நடந்தது இருக்கே, அதைக் கேளுங்க.

செல்லக்கிளிக்கு ஒரு பையன், இளம்பரிதி. நல்ல பையன்தான், நான் குறை சொல்ல மாட்டேன். பாலிடெக்னிக்ல வாத்தியாரா இருக்கான், குடி கிடையாது, பீடி கிடையாது. சாதி சனமெல்லாம் ஒண்ணுதான், அதுலயும் குறையில்ல. என் பொண்ணு ஒரு நாள் வந்து நிக்கிறா, அம்மா நான் இளம்பரிதியைத்தான் கட்டிப்பேன்னு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஏண்டி, உனக்கு என்ன கண்ணு தெரியலையா? தண்ணி நிக்கிற வீடுடி அது! கொல்லையில தவளை, ஹால்ல ஈரம், சுவரெல்லாம் பாசி, கட்டில் காலுல செங்கல். தண்ணி நிக்கிற வீட்டுக்கு யாராவது பொண்ணு குடுப்பாங்களா? நீங்க குடுப்பீங்களா தம்பி? ஒரு தாயி கேக்குற நியாயமான கேள்வி இது.

அதுக்கு அவ என்ன சொன்னா தெரியுமா? தண்ணி ஏன் நிக்குதும்மான்னா. அதைச் சொல்லிட்டு என் மூஞ்சியையே பாத்தா. ஏன் நிக்குதுன்னா, மேடாக்கத் துப்பில்ல அதான் நிக்குதுன்னேன். அடுத்த மாசம் ரிஜிஸ்தர் ஆபீசுல கல்யாணம். அப்பன்காரரு போயிட்டு வந்தாரு. நான் போகல. ரெண்டு வருஷமாச்சு. ஒரு சுவருதான் நடுவுல, அவ இங்க வரல, நான் அங்க போகல. அவ துணி துவைக்கிற சத்தம் கேக்கும், இருமினாக் கேக்கும். அவ்வளவுதான்.

போன மழைக்கு அவங்க ஹால்ல முழங்காலுக்குத் தண்ணி. நான் மாடியிலேர்ந்து பாத்தேன். குழாய் வாயில இலை அடைச்சிருக்கான்னு பாக்கத்தான் ஏறினேன், வேற எதுக்கும் இல்ல. ஜன்னல் வழியாத் தெரியுது, அவ கட்டில் மேல காலைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. ஸ்டவ் பத்த வைக்க இடமில்ல போல. எங்க வீட்டுக்காரர் தூக்குல இட்லி போட்டுச் சுவர் வழியாக் குடுத்திருக்காரு, எனக்குத் தெரியாம. எனக்கு ஒண்ணும் தெரியாது. பதினாறு இட்லி, கூட அவளுக்குப் பிடிச்ச பூண்டுப் பொடி, எண்ணெய் தனியா சின்னக் கிண்ணத்துல. எண்ணெய் சிந்திரக் கூடாதுன்னு கிண்ணத்துக்கு மேல வாழை இலை வச்சுக் கட்டியிருந்தேன்... கட்டியிருந்துச்சு. சாயங்காலம் தூக்கு திரும்பி வந்துச்சு, கழுவிக் கவுத்து. சாப்பிட்டாளா, கொட்டினாளான்னு தெரியல. ஒரு வருஷமா யோசிச்சுக்கிட்டு இருக்கேன். அவர்கிட்ட கேக்கவும் மனசு வரல.

இப்ப அவளுக்கு ஏழு மாசம். யாரும் சொல்லல எனக்கு. வளைகாப்புக்குக் கூப்பிட வந்தாங்க, நான் கதவைத் திறக்கல. இந்த வருஷம் மாடியைப் பதினோரு தடவை கூட்டியிருக்கேன், எப்பவும் ரெண்டு தடவைதான் கூட்டுவேன். வேப்பிலை கொட்டிக்கிட்டே இருக்கு, என்ன செய்யுறது. அங்கேர்ந்து பாத்தா எல்லாம் தெரியும். நடக்கும்போது இடுப்புல கையை வச்சுக்கிறா. இடது கால் வீங்கியிருக்கு. வயித்தைப் பாத்தா ஆம்பளைப் பிள்ளைன்னு தோணுது. நேத்து என்ன பண்றா தெரியுமா? தெருவோரத்துல கிடந்த செங்கல்லைப் பொறுக்கி உள்ள எடுத்துட்டுப் போறா! கட்டிலுக்கு வைக்க! ஏழு மாசக்காரி செங்கல் தூக்கலாமா? அந்தச் செல்லக்கிளிக்கு ஈவு இரக்கம் இருக்கா? ஒரு பொண்ணை வாங்கினா இப்படியா வச்சுப்பாங்க? எனக்கு வயிறு எரியுது தம்பி. அங்கேர்ந்தே கத்தணும்னு வந்துச்சு, கீழ வைடின்னு. கத்தல. ரெண்டு வருஷமாப் பேசாதவ திடீர்னு என்னன்னு கத்துவேன்?

மானம் இருட்டிக்கிட்டு வருது பாத்தீங்களா. இன்னிக்கு இல்லேன்னா நாளைக்கு இறங்கிடும். அதனால சட்டுபுட்டுன்னு தெருச் சாக்கடையை வாரிடுங்க. வேற என்ன... என்ன சொல்றீங்க?

என் மனு இல்லையா?

பின்ன எதுக்கு வந்தீங்க? யாரு? என் மேலயா? என் மேல மனுவா! நான் என்ன பண்ணேன்? மழைநீர் போற வழியை அடைச்சேனா! பாத்தீங்களா, பாத்தீங்களா அவ வேலையை! செல்லக்கிளி! உப்பில்லாத ரவை கிண்டும்போதே நினைச்சேன், இவ ஆளு சரியில்லன்னு. நேருக்கு நேர் வந்து கேக்கத் தைரியம் இல்ல, எழுதிப் போட்டிருக்கா! தணிகாசலம் எழுதிக் குடுத்திருப்பாரு, தாலுகா ஆபீசுப் புத்தி எங்க போகும். முக்கால் மணி நேரமா என்னைப் பேச விட்டு, மோர் குடிச்சு, கேள்வி கேட்டு, எல்லாத்தையும் குறிச்சுக்கிட்டீங்களே தம்பி, நல்லா இருக்கா உங்களுக்கு? நான்தான் பூசினேன்னு வேற சொல்லித் தொலைச்சுட்டேன். எழுதிக்கிட்டீங்களா அதையும்? எழுதிக்கோங்க. எனக்கென்ன பயம்? என் இடம், என் மண்ணு, என் சிமெண்டு. மூணு நாளுக்குள்ள திறக்கலேன்னா உங்க ஆளுங்க வந்து உடைப்பாங்களா? உடைக்கட்டும் பாக்கலாம். நான் அந்த ஓட்டை மேலயே பாயைப் போட்டுப் படுத்துக்கிறேன்.

குடுங்க அதை. குடுங்கன்னா! என் மேல என்ன எழுதியிருக்கான்னு நான் பாக்க வேண்டாமா? என் கண்ணாடி... அந்த டிவி மேல இருக்கு பாருங்க, எடுங்க. எங்க, எங்க செல்லக்கிளி கையெழுத்து...

இது செல்லக்கிளி எழுத்து இல்லையே.

இருங்க தம்பி. ஒரு நிமிஷம் சும்மா இருங்க.

இப்படி வரிசையா, கோடு போட்ட மாதிரி எழுதறது... மையத்துல சோறு வேகற வரைக்கும் என் பக்கத்துல உக்கார வச்சு, சிலேட்டுல நான் எழுதக் கத்துக்குடுத்தது. வாசல் கணக்குப் பலகையில கூட அவதான் எழுதுவா, இன்னிக்குச் சாம்பார் சாதம், முட்டைன்னு. ரெண்டு வருஷமாச்சு இந்த எழுத்தைப் பாத்து.

படிக்கிறேன். ‘ஐயா, நான் மேற்கண்ட முகவரியில் கணவர் வீட்டில் வசித்து வருகிறேன். தற்போது ஏழு மாதக் கர்ப்பிணியாக உள்ளேன். எங்கள் வீட்டு மழைநீர் ஓடைக்குச் செல்ல இருந்த ஒரே வழியைப் பக்கத்து வீட்டுக்காரர் மண் கொட்டி அடைத்துவிட்டார். சென்ற மழையில் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. மூன்று நாட்கள் கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. இந்த மழைக்குள் வழி செய்து தருமாறு...’

பக்கத்து வீட்டுக்காரராம்.

என் பேரை எழுதல. என் அம்மான்னு எழுதல. மங்கையர்க்கரசின்னு எழுதியிருந்தாக்கூடச் சண்டை போட்டுட்டுப் போயிருப்பேன். பக்கத்து வீட்டுக்காரர்னு எழுதியிருக்கா, யாரோ ஊரு பேரு தெரியாதவங்களை எழுதற மாதிரி. அது... நான்தானே தம்பி?

கால் மரத்துப் போச்சும்மான்னு அழுதவ. அவ கால் நனையக் கூடாதுன்னுதானே நான் முதல் லோடு அடிச்சேன்? அதுக்குத்தானே எல்லாம்? அப்புறம் அவ அந்தப் பக்கம் போயிட்டா, நான் இந்தப் பக்கம் மண்ணடிச்சுக்கிட்டே இருந்திருக்கேன். போன வருஷம் புரட்டாசியிலயும் ரெண்டு லோடு அடிச்சேன் தம்பி. அவ அங்க இருக்கான்னு தெரிஞ்சே அடிச்சேன். ஆத்திரம். சீ.

வேண்டாம், தண்ணி வேண்டாம். நான் நல்லாத்தான் இருக்கேன். கண்ணாடியில மூச்சுப் பட்டு மங்கிப் போச்சு, அவ்வளவுதான்.

இதென்ன சத்தம்? ணங்கு ணங்குன்னு. கேக்குதா? மண்ணுல கடப்பாரை போட்டா இப்படிக் கேக்காதே. இது செங்கல்லுல விழற சத்தம். ஏங்க! ஏங்க, என்ன பண்றீங்க? வாய்க்காலை ஓடைப் பக்கம்தானே வெட்டச் சொன்னேன், இவரு ஏன் சுவருக்கு அடியில... தம்பி, கொஞ்சம் தள்ளுங்க, அந்தக் கொல்லை ஜன்னலைத் திறக்கிறேன்.

அட என் சாமி. பாத்தீங்களா? ஓடைப் பக்கம் வெட்டினதைத்தான் நான் பாத்தேன், அங்கேர்ந்து நேரா நடுச்சுவரு வரைக்கும் கொண்டாந்துட்டாரு. சுவரோரம் இன்னும் ஆழமா வெட்டியிருக்காரு, குழிக்குள்ள ஆளே தெரியல, வழுக்கைத் தலை மட்டும்தான் தெரியுது. பத்து நாளா இதைத்தான் வெட்டிக்கிட்டு இருந்திருக்காரு, அறுபத்தாறு வயசுல, முதுகு வலியோட, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம. மாடித் தண்ணிக்காம்! நானும் தினம் காப்பி போட்டுக் கொண்டுபோய்க் குடுத்து, ரயில் விடப் போறீங்களான்னு நக்கல் பண்ணிட்டு வந்திருக்கேன். அவருக்கும் சொல்லணும்னு தோணல பாருங்க. சொன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்னு அவருக்குத் தெரியும்.

உஸ், பேசாதீங்க. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுற மாதிரி இருக்கு. அவதான். அவ குரல்தான். ‘அப்பா, சத்தம் தள்ளிக் கேக்குதுப்பா, இங்க இல்லப்பா’ங்கறா. இவரு இந்தப் பக்கம் தட்டுறாரு, அவ அந்தப் பக்கம் காதை வச்சுக் கேக்குறா. ரெண்டு பேருக்கும் இடம் தெரியல. எப்படித் தெரியும்? அந்தப் பக்கம் வருஷக்கணக்கா தண்ணி நின்னு சேறு ஏறி ஓட்டையே மறைஞ்சு போச்சு. மூடும்போது ரெண்டு பேரும் வீட்டுல இல்லையே, வேணும்னுதானே அன்னிக்கு ரெண்டு பேரையும் கடைத்தெருவுக்கு அனுப்பினேன்.

தூத்தல் போட ஆரம்பிச்சிடுச்சு. இந்த ஃபைலைப் பிடிங்க, நனையப் போவுது. மூணு நாளும் வேண்டாம், உங்க ஆளும் வேண்டாம். என் செருப்பு எங்க? செருப்பு கிடக்கட்டும்.

ஏங்க! ஏங்க, உங்களைத்தான்! அங்க இல்லீங்க, அங்க போட்டுச் சுவரைச் சாய்ச்சிராதீங்க! துவைக்கிற கல்லு இருக்கில்ல, அது பக்கமா ரெண்டடி தள்ளி, இன்னும் கீழ போடுங்க. என்னை என்ன பாக்குறீங்க? முதல்ல அவளை உள்ள போகச் சொல்லுங்க, மழையில நிக்கிறா. ரெண்டடி தள்ளிப் போடுங்கன்னா போடுங்க! மூடினவளுக்குத் தெரியாதா எந்த இடம்னு!